என் பேரில் எடுத்த ரத்தம்

கையைத் தூக்க முடியவில்லை என்பது வெளியே தெரியக் கூடாது. நான்கு மாதமாக எனக்கு அதுதான் முழுநேர வேலை. ஷூ தைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் பேர் கெங்கம்மாள். வயது நாற்பத்திரண்டு. பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்து, பதினோரு வருடமாக ஒரே ஷூ கம்பெனியில், ஒரே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டிய தோல் துண்டுகள் தட்டில் வரும். அவற்றைச் சேர்த்து ஷூவின் மேல்பாகமாகத் தைத்து அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். மணிக்கு இத்தனை ஜோடி என்று தலைக்கு மேலே போர்டில் எழுதிவைப்பார்கள். அதைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும் என்பதால் இப்போதெல்லாம் நான் பார்ப்பதே இல்லை.

தைராய்டு குறைவு என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதாம். ஆறரைக்கு பஸ் ஏறுகிறவளுக்கு ஏது ஒரு மணி நேரம்? டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஓடுவேன். முதலில் உடம்பு கனத்தது. பிறகு குளிர ஆரம்பித்தது. இந்த வேலூர் ஜில்லா வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நடுங்குகிறவள் நான் ஒருத்திதான். பிறகு குரல் கட்டிக்கொண்டது. ஒருநாள் என் வீட்டுக்காரர் பாண்டியன் போனை எடுத்து, "யாருங்க பேசறது?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் தோள். வலது தோளில் ஆரம்பித்துக் கழுத்து வழியாகக் காதுக்குப் பின்னால் வரை ஏறுகிற வலி. சதை பிடித்திருக்கிறது என்றார்கள், தைலம் தேய்த்தேன். சுளுக்கு என்றார்கள், வழித்துவிடுகிறவரிடம் போய் அவர் இழுத்த இழுப்பில் கத்திவிட்டு வந்தேன். வலியாவது பரவாயில்லை, வலித்தாலும் கை வேலை செய்யும். ஒரு காலையில் தலை வாரக் கையைத் தூக்கினேன், மார்புக்கு மேலே அது போகவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து நிறுத்திய மாதிரி நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குப் பயம் வந்தது. சீப்பைக் கட்டில் விளிம்பில் வைத்துத் தலையைக் குனிந்து வாரிக்கொண்டேன், பாண்டியனிடம்கூடச் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கலாம். எங்கள் லைனில் சங்கீதா என்று ஒருத்தி இருந்தாள். தோள் வலிக்கிறது என்று சூப்பர்வைசரிடம் வாயைத் திறந்து சொன்னாள். நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார்கள். மெஷினிலிருந்து எழுப்பிப் பசை தடவுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். பசை நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வீட்டில் ரெஸ்ட் எடும்மா என்றார்கள். அவள் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறாள். மெஷினை விட்டு எழுந்தவள் திரும்ப அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த மெஷின் போனால் நான் வேறு எங்கே போவேன்? எனக்கு வேறு எதுவும் தெரியாது.

தைப்பதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை, அது ஒரு நல்ல காலம். ஆனால் நூல் கோன் இருக்கிறதே, அது மெஷினுக்கு மேலே கம்பியில், தலைக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும். நூல் தீர்ந்தால் எட்டிப் பழசை எடுத்துப் புதுசை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அங்கேதான் மாட்டிக்கொண்டிருப்பேன், பிரிசில்லா இல்லாவிட்டால்.

பிரிசில்லா எங்கள் லைன் ஹெல்பர். தட்டு கொண்டு வருவாள், நூல் பிசிறு வெட்டுவாள், பத்து மணி நேரமும் நின்றபடியே இருப்பாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். மாதனூரில் வீடு, ஒரே மகள், கணவன் பெங்களூரில் கட்டட வேலை. இங்கே அவள் கான்ட்ராக்ட் ஆள். நீலக் கோட்டு, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், எல்லாம் எங்களைப் போலத்தான். கம்பெனி ரிஜிஸ்டரில்தான் அவள் பேர் கிடையாது. இ.எஸ்.ஐ. கார்டும் கிடையாது. நான் ஒன்றும் சொல்லாமலே அவள் என் கையைக் கவனித்துவிட்டாள். நூல் தீரப் போகிறது என்றால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கோன் மாறியிருக்கும்.

"இன்னாக்கா, எனக்குத் தெரியாதா? நீ தைச்சுக்கினே இரு. மேல இருக்கறதை நான் பாத்துக்கறேன்," என்பாள்.

அதற்கு முன்னாலிருந்தே நான் அவளுக்குச் செய்துவந்தது மாத்திரை. பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் மஞ்சள் கலரில் வலி மாத்திரை கிடைக்கும். சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். எனக்குத் தோளுக்கு, அவளுக்கு இடுப்புக்கும் காலுக்கும். அட்டையாக வாங்கி இருவரும் பிய்த்துக்கொள்வோம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

ஜூன் மாதம் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கேட்கிறானாம், நிரந்தரத் தொழிலாளர் எல்லாருக்கும் உடம்பு பரிசோதனை செய்ய வேண்டுமாம். கேன்டீனில் மேஜை போட்டு டாக்டர் உட்காருவார். எடை, பி.பி., ரத்தம். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும், கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். தையல்காரிகளுக்கு அது முக்கியம் என்று சூப்பர்வைசர் காஷிஃப் சார் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

யோசனை சொன்னது நான்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவளாக வந்து சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

"பிரிசில்லா, என் கார்டைப் போட்டுக்கினு நீ போய்ட்டு வர்றியா?"

தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கண் மட்டும்தான் தெரியும். என் கார்டில் இருப்பது பதினோரு வருடத்துக்கு முந்தைய போட்டோ, அதில் இருப்பது நானா என்று எனக்கே சந்தேகம். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கார்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் நான் தைத்த ஜோடிகளில் தையல் எப்படி நேராக விழுந்ததோ தெரியாது. மெஷின் ஓசையில் என் நெஞ்சு அடிப்பது வெளியே கேட்காது என்பதுதான் ஒரே தைரியம்.

கையில் பஞ்சும் வாயில் பிஸ்கட்டுமாகத் திரும்பி வந்தாள். "நல்லா தூக்கிக் காட்டினேங்க்கா. சபையில அல்லேலூயா சொல்ற மாதிரி ரெண்டு கையும். டாக்டரே போதும்மான்னுட்டாரு!" என்று சிரித்தாள். அன்றைக்கே என் கார்டில் 'ஃபிட்' என்று முத்திரை விழுந்தது. ரத்தத்தின் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே முத்திரை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

பத்து நாள் கழித்து ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். உள்ளே ரத்த ரிப்போர்ட். என் பேர், என் நம்பர். நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்து என்ன ஆகப் போகிறது, அது என்னுடையது இல்லையே. அதோடு, கையில் எடுத்தாலே யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. கைப்பையின் அடியில் திணித்தேன். டிஸ்பென்சரி பக்கமும் போகவில்லை. போனால் ரிப்போர்ட்டைக் கேட்பார்கள், கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தைராய்டு மாத்திரை தீர்ந்தது. கிடைக்கிறபோது மெடிக்கலில் வாங்கினேன், கிடைக்காதபோது விட்டேன்.

அதற்கப்புறம் உடம்பு வேகமாகக் கெட்டது. முகம் உப்பியது. சின்னச் சின்னப் பேர்கள் மறந்தன. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மொத்த உடம்பும் திரும்ப வேண்டியிருந்தது. வலி தோளை விட்டுக் கீழே முழங்கை வரை வந்தது. தொண்டைக்குள் ஏதோ தடிப்பாக இருக்கிற மாதிரி தோன்ற, கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். கட்டி, புற்று என்று ஒவ்வொரு வார்த்தையாக மனசில் வரும். வந்ததும் விரட்டுவேன். காலையில் கண் விழித்ததும் முதலில் கையைத்தான் தூக்கிப் பார்ப்பேன். நேற்றைவிட ஒரு விரற்கடை கம்மியாகத்தான் போகும்.

பிரிசில்லாவும் அடிக்கடி வராமல் இருக்க ஆரம்பித்தாள். வாய் கசக்கிறது, குமட்டுகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். கேஸ் ட்ரபுளாக இருக்கும் என்று நான் வைத்தியம் சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா? அவள் வராத நாட்களில் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கோன் யார் மாற்றுவது?

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், அப்படி அவள் வராத ஒரு நாள், நூல் தீர்ந்தது. அக்கம்பக்கம் பார்த்தேன், எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். இடது கையால் எட்டினேன், எட்டவில்லை. ஸ்டூல் விளிம்பில் முட்டியை வைத்து ஏறி வலது கையைக் கொடுத்தேன். தோளில் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. கோன் என் கையிலிருந்து நழுவி உருண்டு, லைன் முழுக்க வெள்ளை நூலை இழுத்துக்கொண்டே போய், காஷிஃப் சாரின் ஷூவில் முட்டி நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். "கெங்கம்மா, கையை மேல தூக்கு."

நான் தூக்கவில்லை.

"கேம்ப்ல நல்லா தூக்கினேன்னு எழுதியிருக்கே. ரெண்டு மாசம்கூட ஆவல. இப்ப இன்னா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "டிஸ்பென்சரிக்குப் போய் லெட்டர் வாங்கினு வா. ஃபிட்டா இல்லியான்னு அவங்க எழுதட்டும். பேஜார் பண்ணாத."

டிஸ்பென்சரியில் டாக்டர் தேவகி. எப்போதும் போல ரிப்போர்ட் இருக்கா என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்குப் புத்தி எங்கே நேராக ஓடும்? நல்ல ரிப்போர்ட்டைக் காட்டினால் 'ஃபிட்' என்று லெட்டர் கொடுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பையின் அடியிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் படித்தார். "தைராய்டு நார்மலா இருக்கே," என்று ஆச்சரியப்பட்டார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்தினார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் முகம் மாறியது.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"தினம் ரெண்டு, மேடம்."

"எவ்வளவு நாளா?"

"வருஷத்துக்கு மேல."

பேனாவை மூடி வைத்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "கெங்கம்மா, பதறாம கேளுங்க. தோள் வலியை அப்புறம் பாக்கலாம். அந்த மாத்திரை உங்க கிட்னியைக் கெடுத்திருக்கு, அது சரியா வேலை செய்யல. இந்த நம்பர் ஒண்ணுக்குள்ள இருக்கணும், நாலுக்கு மேல இருக்கு. முகம் உப்பியிருக்கறது, இந்த அசதி, எல்லாம் அதனாலதான் இருக்கும். இப்பவே ரத்தம் திரும்ப எடுத்துட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். டயாலிசிஸ்கூட வேண்டியிருக்கலாம். வெளிய பெஞ்ச்ல உக்காருங்க, கூப்பிடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேனா விழுந்தேனா என்று தெரியாது. எங்கள் தெருவில் சாமிநாதன் என்று ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போய்வருகிறார். ஆள் சாம்பல் நிறமாகிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீரை நாள் பூரா வைத்துக்கொண்டு நாக்கை நனைப்பார். நான் செத்துப்போவேன் என்று நினைத்தேன். பாண்டியனுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நான்கு மாதமாக ஒரு கைக்காகப் பயந்துகொண்டிருந்தேனே, முட்டாள், உள்ளே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எதிரே ஒரு அம்மாவுக்கு நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டாள். நானும் என் முழங்கையைப் பார்த்தேன். எனக்கு ஊசி குத்தினது எப்போது? குத்தவே இல்லை, கிட்னி என்ற வார்த்தை காதில் விழுந்ததில் அதை மறந்தே போயிருந்தேன். அந்த நம்பர் என்னுடையது இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுத கண்ணோடு உட்கார்ந்து, நான் இல்லை, நான் இல்லை என்று சிரித்தேன். எவ்வளவு நேரம் என்றால், ஒரு நிமிஷம் இருக்குமா? அதற்குள் பிரிசில்லாவின் கை ஞாபகம் வந்தது. பஞ்சு வைத்த கை. குமட்டல், அரிப்பு, வராத நாட்கள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். சொன்னால் என் மெஷின் போய்விடும் என்கிற பயம் அந்த நேரத்திலும் என்னை விடவில்லை. பிரிசில்லாவிடம் மட்டும் சொன்னால் போதும், அவளை எங்காவது காட்டிக்கொள்ளச் சொன்னால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதனூரில் இறங்கினேன்.

அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள், முடியவில்லை. தொப்பியும் மாஸ்க்கும் இல்லாமல் அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஒரே வீக்கம். கால் செருப்புக்குள் அடங்கவில்லை.

சொன்னேன். நம்பரைச் சொன்னேன், மாத்திரையால் வந்தது என்று சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி என்றேன்.

அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பேப்பர்ல யார் பேருக்கா போட்டிருக்கு?" என்றாள்.

"என் பேருதான்."

"அப்ப அது உன்னுது. நீயே வெச்சுக்க." தெருவைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. கேஸ்னு நீதான சொன்ன? பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம், அவ காதுல விழுந்தா பயந்துடுவா. போய்ட்டு வாக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள். என் கண்ணில் இருந்த அதே பயம் அவள் கண்ணில் இருந்தது. மறைத்துவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று நான் எத்தனை மாதமாக நம்பினேனோ, அதையே அவளும் நம்பப் பார்த்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நானும் அதே மாத்திரைதான் தின்னேன், பிரிசில்லா," என்றேன். "எனக்கும் ரத்தம் எடுக்கணும். எனக்கு இன்னா வருமோ தெரியல. தனியா போக பயமா இருக்கு. எனக்குத் துணையா வாயேன்."

எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தாள். ஆட்டோவில் டிஸ்பென்சரிக்குத் திரும்பினோம். டாக்டர் தேவகி எங்கள் இருவரையும் பார்த்ததும், "எங்கம்மா போனீங்க? ஆளைத் தேடச் சொல்லிட்டேன்," என்று அதட்டினார்.

நின்றபடியே சொன்னேன். "மேடம், அந்த ரத்தம் என்னுது இல்ல. இவளோடது. என் கார்டைப் போட்டுக்கினு இவ போனா. நான்தான் அனுப்பினேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரிசில்லாவை உட்கார வைத்துக் காலைப் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"இந்த ரிப்போர்ட் எப்ப கைக்கு வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஜூன் கடைசில," என்றேன்.

"ஆறு வாரத்துக்கு மேல ஆச்சு," என்றார். பிரிசில்லாவுக்கு வேலூர் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். இன்றைக்கே, இப்போதே போக வேண்டும், வீட்டுக்குப் போய்த் துணி எடுக்கிறேன் என்றெல்லாம் சொல்லக் கூடாது என்றார். பிறகுதான் என்னிடம் வந்தார். ஊசி என் கையில் ஏறியது. தைராய்டு ரொம்பக் கம்மியாகியிருக்கும், அப்படி இருப்பவர்களுக்குத் தோள் இந்த மாதிரி இறுகிப்போவது உண்டு, சரி பண்ணலாம், மாதக் கணக்கில் ஆகும் என்றார். கிட்னி நம்பர் நாளைக்குத்தான் தெரியுமாம். மஞ்சள் மாத்திரையை இனிமேல் தொட்டால் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றார். "கம்பெனிக்கு நான் எதுவும் எழுதப் போறதில்ல. அது உங்க பாடு," என்று முடித்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பிரிசில்லா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு வாரமா அந்தப் பேப்பர் உன் பையிலயேவாக்கா இருந்துச்சு?"

"ஆமா."

"பிரிச்சுப் பாக்கலியா?"

"இல்ல."

"ஏங்க்கா?"

"பயம்," என்றேன். "மெஷின் போய்டும்னு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்தேகூட இருக்கலாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சுக்கா. எனக்கு இதுவரைக்கும் யாரும் பி.பி. கூட பாத்ததில்ல. அந்த டாக்டர் நெஞ்சுல வெச்சுப் பாத்தாரு, கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எதுனா இருந்தா சொல்வாங்க, உன் பேர்லயாவது தெரிஞ்சிடும்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லலியா, சரி, நல்லாதான் இருக்கேன்னு இருந்துட்டேன்."

டாக்டர் எழுதிய சீட்டை என் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

போன் அடித்தது. காஷிஃப் சார். பின்னால் மெஷின்களின் ஓசை கேட்டது.

"கெங்கம்மா, லெட்டர் வாங்கிட்டியா? உன் மெஷின் காலியா நிக்குது. அந்த ஹெல்பர் பொண்ணும் இன்னிக்கு வரல. கான்ட்ராக்டர் அவ பேரை அடிச்சுட்டு வேற ஆள் அனுப்பறேன்றான்."

லெட்டர் நாளைக்குத் தர்றாங்க சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மெஷின் நாளை வரைக்குமாவது என்னுடையதாக இருக்கும். பிரிசில்லா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றேன். குரல் கட்டியிருந்ததால் சத்தமாகவே சொன்னேன். "கேம்ப்ல கை தூக்கினது நான் இல்ல. பிரிசில்லா. ரத்தம் குடுத்ததும் அவதான். அவளுக்கு கிட்னி போய்க்கினு இருக்கு, நம்ம கம்பெனி கேம்ப்லயே தெரிஞ்சிருக்கு, நான் ஆறு வாரம் பேப்பரை ஒளிச்சு வெச்சுட்டேன். அவளை வேலூருக்கு இட்டுனு போறேன். அவ பேரை அடிக்க வேணாம் சார். அடிக்கணும்னா என் பேரை அடிங்க."

அந்தப் பக்கம் மெஷின் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. காஷிஃப் சார் போனை வைக்கவில்லை. வேலூர் பஸ் வந்தது. நான் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவளை முதலில் ஏற்றினேன்.